கண்ணும் கண்ணோட்டமும்

நுழையும்முன்

கடைசி வரிசையில் அமர்ந்து, கரும்பலகையில் எழுதியதைப் படிக்கக் கண்களைச் சுருக்கும் மாணவர் ஒருவர் எல்லா வகுப்பிலும் இருப்பார். அவருக்கு மூக்குக்கண்ணாடி போதும் என்றிருந்தது ஒரு காலம். கண்ணாடியே தேவையில்லாமல் செய்யலாம் என்கிறது இன்றைய லேசர் மருத்துவம். அம்மருத்துவம் எவ்வாறு பிறந்தது? அதைக் கையாளும் மருத்துவர் கற்க வேண்டியது யாது? அவரே மருத்துவமனையின் உரிமையாளராகவும் இருக்கும்போது அவர்முன் எழும் வினா என்ன? இவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

கண்ணின் முன்வாசல்

கண்ணின் முன்புறத்தில் தெளிந்த கண்ணாடிபோல் அமைந்திருப்பது கருவிழிப்படலம். இதனைக் கார்னியா என்றும் அழைப்பர். இதன் நடுப்பகுதியின் தடிமன் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். இதில் குருதி நாளங்கள் இல்லை. ஆதலால்தான் ஒளி தடையின்றி உட்புகுகிறது. கண்ணுக்குள் லென்சு ஒன்று இருப்பதை நாம் அறிவோம். ஆயினும், ஒளியைக் குவிக்கும் பணியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினைச் செய்வது கருவிழிப்படலத்தின் வளைவே ஆகும்.

கண்ணின் நீளத்திற்கு அவ்வளைவு மிகுதியாகிவிட்டால், தொலைவிலுள்ள பொருளின் ஒளி விழித்திரையை அடையுமுன்னரே குவிந்துவிடும். இதுவே கிட்டப்பார்வை. குழிலென்சு கொண்ட மூக்குக்கண்ணாடி, ஒளியைச் சற்றே விரித்து அனுப்பி இக்குறையைச் சரிசெய்கிறது. கண்ணாடியை மாற்றுவதற்குப் பதிலாகக் கருவிழிப்படலத்தின் வளைவையே மாற்ற முடியாதா? இவ்வினாவே ஒரு மருத்துவப் பிரிவுக்கு வித்திட்டது.

கத்தியின் காலம்

முதலில் விடை தேடியவர்கள் கையில் இருந்தது கத்தி. ஜப்பானிய மருத்துவர் சுடோமு சாட்டோ 1930களின் இறுதியிலும் அதனையொட்டிய ஆண்டுகளிலும் கருவிழிப்படலத்தில் நுண்ணிய கீறல்களை இட்டு அதைத் தட்டையாக்க முயன்றார். பார்வை தெளிந்தது, முயற்சி வென்றதாகவே தோன்றியது. ஆனால், படலத்தின் உட்புறத்திலும் அவர் கீறியிருந்தார். அங்குள்ள மெல்லிய உயிரணு அடுக்கே படலத்தைத் தெளிவாக வைத்திருக்கிறது என்பது அக்காலத்தில் அறியப்படவில்லை. பல ஆண்டுகள் கழித்து, அவரிடம் சிகிச்சை பெற்ற பலரின் கருவிழிகள் வீங்கி மங்கின.

1970களில் சோவியத் நாட்டின் ஸ்வியாத்தோஸ்லாவ் ஃபியோதரவ் வெளிப்புறக் கீறல்களை மட்டும் இடும் முறையை வளர்த்தெடுத்தார். இளமையில் விமானியாக விரும்பியவர் அவர்; விபத்தொன்றில் காலை இழந்தபின் மருத்துவம் பயின்றார். மாஸ்கோவில் அவர் நிறுவிய கண் நுண்ணறுவை மையம், பிற நகரங்களுக்கும் கிளை பரப்பியது. அங்கே நோயாளிகள் படுத்திருந்த மேசைகள் ஒவ்வொரு மருத்துவரையும் கடந்து நகர்ந்தன. ஒவ்வொருவரும் அறுவையின் ஒரு கட்டத்தை மட்டும் செய்தனர். ஈட்டிய வருவாயில் பணியாளருக்கும் பங்கு கிடைத்தது. அரசே அனைத்தையும் நடத்திய நாட்டில், மருத்துவர் ஒருவர் தொழில்முனைவோராகவும் விளங்கியது உலகின் கவனத்தை ஈர்த்தது.

ஃபியோதரவின் முறை அமெரிக்காவிலும் பரவியது. அதன் விளைவுகளை அங்குள்ள ஆய்வாளர்கள் பத்தாண்டுகள் தொடர்ந்து கண்காணித்து, 1994இல் முடிவை வெளியிட்டனர். சிகிச்சை பெற்ற கண்களில் 43 விழுக்காடு, கிட்டப்பார்வையிலிருந்து விலகித் தூரப்பார்வையை நோக்கி ஒரு டயாப்டரோ அதற்கு மேலோ நகர்ந்திருந்தன. அறுவை அன்றே முடிந்தது. அதன் விளைவோ ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது.

வான்கோழியின் எலும்பும் ஒளியும்

கத்தியைவிடக் கூரிய கருவி, மருத்துவமனையில் அன்று, கணினி நிறுவனத்தின் ஆய்வகத்தில் பிறந்தது. அதைக் கண்டறிந்தவர்களுள் முதன்மையானவர் சென்னையில் பிறந்த வேதியியல் அறிஞர் ரங்கசாமி சீனிவாசன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்று அமெரிக்கா சென்ற அவர், ஐ.பி.எம். ஆய்வு மையத்தில் பணியாற்றினார். ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகியோரும் அவருடன் ஆய்வில் ஈடுபட்டிருந்தனர். எக்சைமர் எனப்படும் புற ஊதா லேசர், நெகிழிப் படலங்களைத் துல்லியமாகச் செதுக்குவதை அவர்கள் ஆராய்ந்தனர். உயிருள்ள பொருளின் திசுவையும் அது செதுக்குமா என்னும் ஐயம் எழுந்தது.

1981ஆம் ஆண்டு நவம்பர் மாதம், அமெரிக்கர்கள் கொண்டாடும் நன்றி நவிலும் நாளுக்கு மறுநாள், விருந்தில் மிஞ்சிய வான்கோழியின் எலும்பையும் குருத்தெலும்பையும் சீனிவாசன் ஆய்வகத்திற்கு எடுத்துச் சென்றார். லேசர் பட்ட இடத்தில் கூர்மையான வெட்டு விழுந்தது. சுற்றியிருந்த திசு கருகவில்லை. வேறு வகை லேசர் பட்ட இடமோ கருகிச் சிதைந்தது.

காரணம் யாது? 193 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட இவ்வொளியின் ஒவ்வொரு துகளும் மூலக்கூறுகளின் பிணைப்பை அறுக்கும் ஆற்றல் உடையது. பிணைப்பு அறுந்த துணுக்குகள், வெப்பம் அண்டைத் திசுவுக்குப் பரவுமுன்னரே வெளியேறிவிடுகின்றன. ஒரு துடிப்பு நீக்குவது ஏறத்தாழ கால் மைக்ரான் தடிமன் மட்டுமே. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பதை நினைவிற்கொண்டால், இக்கருவியின் நுட்பம் விளங்கும்.

ஆய்வகத்திலிருந்து கண்ணுக்கு

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகக் கண் மருத்துவர் ஸ்டீபன் டிரோகல், சீனிவாசனுடன் இணைந்து மாட்டுக் கண்களில் இவ்வொளியைச் செலுத்தி ஆராய்ந்தார். அம்முடிவுகள் 1983இல் வெளிவந்தன.

விலங்கின் கண்ணில் வென்றது, பார்வையுள்ள மனிதக் கண்ணிலும் வெல்லுமா? இவ்வினாவுக்கு விடை காண ஒருவர் முன்வந்தார். புற்றுநோயின் காரணமாகக் கண் ஒன்றை அகற்றியே ஆகவேண்டிய நிலையிலிருந்த அமெரிக்கப் பெண்மணி அவர். தாம் இழக்கப்போகும் கண், பிறர் பார்வைக்கு உதவட்டும் என்று அதை ஆய்வுக்கு அளித்தார். 1988இல் மருத்துவர் மார்கரெட் மெக்டொனால்டு அக்கண்ணில் லேசர் சிகிச்சை செய்தார். கண் அகற்றப்படும்வரை இருந்த சில நாள்களில், அது ஆறிய விதம் கவனமாகப் பதிவு செய்யப்பட்டது. இன்று கண்ணாடியைக் கழற்றிவைக்கும் ஒவ்வொருவரும் அப்பெண்மணிக்குக் கடன்பட்டவரே.

1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிரேக்க மருத்துவர் இயோன்னிஸ் பல்லிகாரிஸ் வேறொரு படிநிலையைச் சேர்த்தார். கருவிழிப்படலத்தின் மேலடுக்கை ஏட்டைப் புரட்டுவதுபோல் திறந்து, உள்ளடுக்கை லேசரால் செதுக்கி, மீண்டும் மூடினார். இதுவே லேசிக் என்று பெயர் பெற்றது.

தெரிந்து தெளிவோம்

கண் மருத்துவத்தில் பயன்படும் லேசர்கள் பல வகையின. கருவிழியைச் செதுக்குவது எக்சைமர் லேசர். நீரிழிவால் விழித்திரையில் தோன்றும் தீய குருதி நாளங்களைக் கட்டுப்படுத்துவது வேறு வகை லேசர். முன்னது கண்ணாடியின் தேவையைக் குறைக்கிறது. பின்னது பார்வை இழப்பையே தடுக்க உதவுகிறது.

'வேண்டாம்' என்னும் சொல்

இத்துறைக்கு வர விரும்புவோர் மருத்துவப் பட்டப்படிப்பையும் உள்ளுறைப் பயிற்சியையும் ஐந்தரை ஆண்டுகளில் முடிக்க வேண்டும். பின்னர்க் கண் மருத்துவத்தில் மூன்றாண்டு முதுநிலைப் படிப்பும், அதன்பின் கருவிழிச் சிகிச்சையில் சிறப்புப் பயிற்சியும் பெற வேண்டும். இத்தனை ஆண்டுகள் கற்பது எதற்காக? லேசர் பாயும் நேரம் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. எங்கே, எவ்வளவு செதுக்குவது என்பதைக் கணினி கணக்கிடுகிறது. கண் அசைந்தால் கருவியும் உடன் அசைந்து பின்தொடர்கிறது. அவ்வாறாயின், மருத்துவரின் திறமை எங்கே வெளிப்படுகிறது?

ஓர் எளிய கணக்கின் வழியே காண்போம். ஒருவரது கருவிழிப்படலத்தின் தடிமன் 540 மைக்ரான். அவரது குறை 6 டயாப்டர். மேலடுக்கிற்கு 110 மைக்ரான் போகும். டயாப்டர் ஒன்றுக்கு 14 மைக்ரான் வீதம் 84 மைக்ரான் செதுக்கப்படும். எஞ்சுவது 346 மைக்ரான். குறைந்தது 250 மைக்ரானாவது, இயன்றால் 300 மைக்ரானாவது எஞ்ச வேண்டும் என்பது மருத்துவர் கைக்கொள்ளும் நெறி. எனவே, இக்கணக்கின்படி இவருக்குத் தடையில்லை.

மற்றொருவரின் படலம் 480 மைக்ரான்; குறையோ 10 டயாப்டர். அதே கணக்கின்படி எஞ்சுவது 230 மைக்ரான் மட்டுமே. அவ்வளவு மெலிந்த படலம், கண்ணின் உள்ளழுத்தத்தைத் தாங்கமாட்டாது நாளடைவில் கூம்புபோல் புடைக்கக்கூடும். அதன்பின் மூக்குக்கண்ணாடி அணிந்தாலும் தெளிவு கிட்டாது. எனவே, இவருக்கு மருத்துவர் கூற வேண்டிய சொல் 'வேண்டாம்' என்பதே.

தடிமன் போதுமானதாக இருந்தும் மறுக்க வேண்டிய நேரங்கள் உண்டு. கூம்பாகும் இயல்பு படலத்தில் முன்னரே தென்படலாம். கண் மிக உலர்ந்திருக்கலாம். பதினெட்டு வயது நிரம்பாதிருக்கலாம். நிரம்பியும் கண்ணாடியின் அளவு ஆண்டுதோறும் மாறிக்கொண்டிருக்கலாம். சிகிச்சைக்குப்பின் சிலருக்கு இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றும். நாற்பது வயதைக் கடந்ததும் வெள்ளெழுத்து வருவதை இச்சிகிச்சை தடுப்பதில்லை. இவற்றையெல்லாம் ஆய்ந்தறிந்து, மறைக்காமல் எடுத்துரைப்பதே இம்மருத்துவரின் முதன்மையான திறமை. செதுக்குவது கருவி, தேர்வது மருத்துவர். செதுக்கியதை மீண்டும் ஒட்டவைக்கும் கருவி எதுவும் இல்லை.

மருத்துவரும் உரிமையாளரும்

மறுப்பது எளிதன்று, மருத்துவரே மருத்துவமனையின் உரிமையாளராக இருப்பின் அது மேலும் கடினம். லேசர்க் கருவிகளின் விலை கோடிக்கணக்கில் ஆகும். கருவி ஓடினாலும் ஓய்ந்திருந்தாலும் கடனுக்கு வட்டி கட்டியாக வேண்டும். பராமரிப்புச் செலவும் உண்டு. நாள்தோறும் இத்தனை கண்கள் என்று கணக்குப் புத்தகம் கேட்கும். 'இக்கண்ணுக்கு வேண்டாம்' என்று படலத்தின் அளவு கூறும். இரண்டையும் ஒரே மனிதர் ஒரே மேசையில் வைத்துப் படிக்க வேண்டியுள்ளது.

இதற்காகத் தொழில்முனைவையே பழிக்கலாமா? நம் மண்ணிலிருந்தே ஒரு சான்று காண்போம். கோ. வெங்கடசாமி, கீல்வாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் கண் அறுவை கற்றுத் தேர்ந்த மருத்துவர். அரசுப்பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரையால் பார்வை இழந்து வாழும் ஏழைகளே அவரது கவலை. உணவக நிறுவனம் ஒன்று ஊர்தோறும் ஒரே தரத்தில் உணவு வழங்குவதைக் கண்டு, கண் சிகிச்சையை ஏன் அவ்வாறு வழங்கலாகாது என்று எண்ணினார். ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் மற்றொரு நோயாளி ஆயத்தமாக இருப்பார். கட்டணம் செலுத்தக்கூடியோர் தரும் வருவாய், செலுத்த இயலாதோருக்கும் சிகிச்சையாகியது. 1992இல் தொடங்கப்பட்ட ஆரோலேப், கண்ணுள் பொருத்தும் செயற்கை லென்சை இறக்குமதி விலையில் சிறு பங்கிற்கே தயாரித்தது.

ஃபியோதரவும் வெங்கடசாமியும் வேகத்தைப் போற்றியவர்களே. ஆனால், வேகத்தின் பயன் நோயின் தன்மையைப் பொறுத்தது. கண்புரை முற்றியவருக்கு அறுவையன்றி வேறு வழியில்லை. தாமதமே அவருக்குத் தீங்கு. அங்கு வேகம் அறமாகிறது. கண்ணாடியைத் தவிர்க்க விரும்புபவருக்கோ வேறு வழி மூக்கின்மேலேயே இருக்கிறது. அவர் காத்திருக்கலாம், மறுக்கப்பட்டாலும் அவர் பார்வை குறையப்போவதில்லை. தவறான சிகிச்சையால் இழப்பதற்கு நல்ல பார்வை அவரிடம் உண்டு. அங்கு நிதானமே அறம். மருத்துவ உரிமையாளர் தம் தொழிலைத் தொடங்குமுன் உணர வேண்டிய வேறுபாடு இதுவே.

நிறைவாக

பிறர் துன்பத்தின்பால் கண் ஓடுவதைக் கண்ணோட்டம் என்று தமிழ் அழைக்கிறது. அதற்கெனத் தனி அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். கண் மருத்துவருக்கு இச்சொல் இரட்டைப் பொருத்தம் உடையது. துல்லியமாக அளக்கும் கருவிகளை விலைக்கு வாங்கலாம். அளந்த கண்ணுக்கு உரியவரின் நாளைய வாழ்வை எண்ணிப் பார்ப்பதை வாங்க இயலாது. சாட்டோவிடம் சிகிச்சை பெற்றோரின் கண்கள் பல ஆண்டுகள் கழித்தே மங்கின. ஆகவே, சிகிச்சை முடிந்த மறுநாள் கட்டணப் பதிவேடு காட்டும் தொகை மருத்துவரின் வெற்றிக்குச் சான்றாகாது. சிகிச்சை பெற்றவரும், 'வேண்டாம்' எனத் திருப்பி அனுப்பப்பட்டவரும் இருபதாண்டுகளுக்குப் பின்னும் தெளிவாகப் பார்ப்பார்களாயின், அதுவே அம்மருத்துவரின் வெற்றி.