உங்களுக்குத் தெரியுமா? நான்காம் மாடியும் ஒரு ரகரமும்

1962-இல் நியூயார்க் நகரின் மூன்று பெருங்கடைகளில் வாடிக்கையாளர்போல் நுழைந்த வில்லியம் லபோவ் என்னும் மொழியியல் அறிஞர், நான்காம் மாடியில் விற்கும் சரக்கு எதுவென்பதை முன்னரே அறிந்துகொண்டு, அது எங்கே கிடைக்குமென்று சிப்பந்திகளை வினவி, 'ஃபோர்த் ஃப்ளோர்' என்ற விடை வந்ததும், காதில் விழாதவர்போல் மறுபடியும் சொல்லச் செய்து, அச்சொற்களில் ரகரம் ஒலிக்கிறதா மறைகிறதா என்பதை மறைவில் நின்று குறித்துக்கொண்டார். எத்தனை எளிய உபாயம், எத்தனை நுட்பமான செவி!

செல்வர் நாடும் ஸாக்ஸில் நூற்றுக்கு 62 பேரும், நடுத்தர மக்கள் செல்லும் மேஸிஸில் 51 பேரும், மலிவுக் கடையான எஸ். கிளைனில் 20 பேருமே அவ்வொலியை முழுமையாகவோ ஓரளவோ உச்சரித்தனர். தம்மிடம் வருவோரின் அந்தஸ்தைச் சிப்பந்திகளின் நாவும் ஏற்றுக்கொள்கிறது என்பது லபோவின் முடிவு. சிரத்தையோடு இரண்டாம் முறை சொன்னபோது, மூன்று கடைகளிலுமே ரகரம் மிகுந்தது.