செவிவழி ஆங்கிலம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும் அமைந்துள்ளன. முன்னது பஞ்சாலைகளாற் சிறந்தது. பின்னது ஆண்டாள் கோயிலாற் புகழ்பெற்றது. இவ்வூர்களின் தெருக்களில் தமிழ் ஒலிக்கக் கேட்கலாம். இராஜபாளையத்து இல்லங்கள் சிலவற்றில் தெலுங்கும் வழங்கும். ஆங்கிலப் பேச்சோ அரிதாகவே செவிப்படும். ஆகவே, இங்குள்ள மாணவர் பலர் ஆங்கிலத்தைக் கண்ணாற் கற்கின்றனரேயன்றிக் காதாற் கற்கும் வாய்ப்பைப் பெறுவதில்லை.

மொழிக்கு உயிர் ஒலியாகும். குழந்தை தாய்மொழியைக் கேட்டுக் கேட்டே பேசக் கற்கிறது. எழுத்தைப் பின்னரே பயில்கிறது. அயல்மொழி கற்போர்க்கு இம்முறை தலைகீழாகி விடுகிறது. அதனால் நேரும் இடர்ப்பாட்டை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். தமிழில் பகரம், 'பல்' என்னும் சொல்லில் வன்மையாகவும், 'கம்பம்' என்னும் சொல்லில் மகரத்தை அடுத்து மென்மையாகவும் ஒலிக்கும். இடத்திற்கேற்ப ஒலி மாறுதலின் நமக்கு ஓரெழுத்தே போதும். ஆங்கிலத்திலோ அவ்விரண்டு ஒலிகளும் சொல்லின் முதலிலேயே நின்று பொருளை வேறுபடுத்தும். குண்டூசியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும், குப்பைத்தொட்டியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் தமிழெழுத்தில் 'பின்' என்றே எழுதப்படும். அவற்றின் வேற்றுமையைச் செவியே உணர்த்த வல்லது.

செவிக்குத் துணையாக வந்தவற்றுள் ஒன்று வானொலி. லண்டன் பி.பி.சி. நிலையம் 1943ஆம் ஆண்டிலேயே அதன் வழியாக ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கிற்று. ஆயினும், காற்றில் வந்த சொல் கணப்பொழுதில் மறைந்துவிடும். விரும்பியபோது அதனை மீளக் கேட்டல் இயலாது. இக்குறையை இக்காலத்து மின்னணுக் கருவிகள் நீக்கின. 2018ஆம் ஆண்டு முதல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கறுப்பும் வெள்ளையுமான சிறு கட்டங்களாலாகிய விரைவுக் குறியீடுகள் அச்சிடப்பட்டன. கைப்பேசியின் படக்கருவியை அக்குறியீட்டின் முன் காட்டினால், பாடத்திற்குரிய ஒலியும் காட்சியும் தோன்றும். ஐயமுற்ற சொல்லைப் பத்து முறை கேட்பினும் கருவி சலிப்பதில்லை. அன்றியும், மாணவன் தன் குரலைப் பதிவு செய்து, கேட்ட குரலோடு ஒப்பிட்டுத் தன் பிழையைத் தானே காணலாம்.

எனினும், கருவி எல்லார்க்கும் ஒருபடித்தாய்க் கிட்டுவதன்று. 2020ஆம் ஆண்டு நோய்த்தொற்றினாற் பள்ளிகள் மூடப்பட்டபோது, கல்வித் தொலைக்காட்சி பல இல்லங்களுக்குப் பாடங்களைக் கொண்டு சேர்த்தது. ஆனால், ஒரே கைப்பேசியுள்ள குடும்பத்தில் தந்தையார் அதனை எடுத்துக்கொண்டு வேலைக்குச் சென்றபின் பிள்ளை என் செய்யும்? வகுப்பறையில் ஆசிரியர் ஒரு கருவியை இயக்கினால், நாற்பது மாணவரும் ஒருங்கே கேட்பர். ஆதலின், கருவி பள்ளிக்கு உரியதாதல் ஏழை மாணவர்க்குப் பெருந்துணையாம்.

கருவி ஒலியைத் தரும். நாவைப் பழக்குதல் மாணவன் கடமை. பிறர் நகைப்பரோ என்று கூசி வாய்மூடி நிற்கும் பிள்ளையின் முகக்குறிப்பை உணர்ந்து, 'அஞ்சாதே, மீண்டும் சொல்' என்று ஊக்குதல் ஆசிரியர் பணி. இம்மூன்றும் ஒன்றுகூடின், அயல்மொழியும் நாவிற்கு எளிதாகும் என்பதில் ஐயமில்லை.