நம் ஊர் வளர்கிறதா?

காலை எட்டரை மணிக்கு ராஜபாளையம் பேருந்து நிலையத்தில் நின்று பாருங்கள். ஆலைக்குப் போவோர், பள்ளிக்குப் போவோர், ஸ்ரீவில்லிபுத்தூரிலுள்ள மாவட்ட நீதிமன்றத்துக்குப் போவோர் என ஒரே நெரிசல்! "ஊர் ரொம்பப் பெருத்துவிட்டது" என்பார்கள் பெரியவர்கள். அது உண்மையா? அளந்து பார்ப்போமா?

மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி ராஜபாளையம் நகராட்சியில் 2001-ல் ஏறத்தாழ 1,22,000 பேர் இருந்தனர். 2011-ல் 1,30,442 பேர். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறத்தாழ 73,000 பேர் 75,396 ஆயினர். அதாவது, பத்து ஆண்டுகளில் நூற்றுக்கு 7 பேரும் 3 பேரும்தான் கூடியுள்ளனர். இதே காலத்தில் தமிழ்நாடு முழுவதும் நூற்றுக்கு 15 பேருக்கு மேல் கூடினர்.

இங்கே ஓர் எளிய கணக்கு. ஆண்டு வளர்ச்சி விழுக்காட்டால் 70-ஐ வகுத்தால், மக்கள் தொகை இருமடங்காக ஆகும் காலம் கிடைக்கும். 2001-2011 வேகமே நீடிப்பதாக வைத்துக்கொண்டால், தமிழ்நாட்டுக்கு இது சுமார் 48 ஆண்டுகள்; ராஜபாளையத்துக்கோ சுமார் 100 ஆண்டுகள்!

அப்படியானால் நெரிசல் எங்கிருந்து வந்தது? பால்கோவா காய்ச்சும் சட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பால் பொங்கி வழிந்தபின் சட்டியில் உள்ளதை மட்டும் அளந்தால், வழிந்த பால் கணக்கில் வராது அல்லவா? நகராட்சி எல்லைக்கு வெளியே வீடு கட்டியவர் ஊராட்சிக் கணக்கில் சேர்வார். ஆனால் பேருந்துக்கு இங்குதான் வருவார். எதை அளந்தாலும், எல்லை எது என்று முதலில் கேட்க வேண்டும். இது இயற்பியலின் பாலபாடம்.

சரி, ஊரின் வருமானம் கூடியிருக்கிறதா? கணக்கெடுப்பாளர் வருமானத்தைக் கேட்பதில்லை; தொழிலைத்தான் கேட்கிறார். வருமானம் தெரிந்தாலும் சராசரி நம்மை ஏமாற்றக்கூடும். ஒரு தெருவில் ஒன்பது குடும்பங்களுக்கு மாதம் 10,000 ரூபாய், பத்தாவது குடும்பத்துக்கு 2,00,000 ரூபாய் என வைத்துக்கொள்வோம். சராசரி 29,000 ரூபாய். அந்தத் தெருவில் அவ்வளவு சம்பாதிப்பவர் ஒருவர்கூட இல்லை! வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதைப் பார்த்தால் 10,000. இந்த 'இடைநிலை அளவு'தான் தெருவின் நிலையைச் சரியாகக் காட்டும்.

தொழில் பற்றிய பதிலிலும் கவனம் வேண்டும். ஒருமுறை என் வகுப்பில், "உன் அம்மா என்ன வேலை செய்கிறார்?" என்று ஒரு மாணவரைக் கேட்டேன். "சும்மா வீட்டில்தான் சார் இருக்காங்க" என்றார். விசாரித்தால், அந்த அம்மா தினமும் பேண்டேஜ் துணி சுருட்டிக் கொடுத்துக் கூலி வாங்குபவர்! அருகிலுள்ள சத்திரப்பட்டி இத்துணிக்குப் பெயர்பெற்ற ஊர். வீட்டுத் தொழில் செய்வோரையும் உழைப்பாளராகப் பதிய, கணக்கெடுப்பில் தனிப் பிரிவே உண்டு. 'சும்மா' என்று சொல்லிவிட்டால், அவருடைய உழைப்பு நாட்டின் கணக்கிலிருந்தே மறைந்துபோகும்.

அமெரிக்காவில் 1790-ல் நடந்த முதல் கணக்கெடுப்பு தொட்டே இனத்தையும் பதிந்து வருகிறார்கள். நம் நாட்டில் அப்படி ஒரு கேள்வி இல்லை. மதம், தாய்மொழி போன்றவை உண்டு. ராஜபாளையத்தில் பல தலைமுறைகளுக்கு முன் ஆந்திரப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய ராஜுக்கள் உள்ளனர். தெலுங்கு பேசும் வேறு மக்களும் உள்ளனர். வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழும் பேசும் மாணவர் என்ன சொல்வது? குழந்தைப் பருவத்தில் தாய் நம்மிடம் பேசிய மொழியே தாய்மொழி என்பது கணக்கெடுப்பின் இலக்கணம். தெரிந்த வேறு இரு மொழிகளையும் சொல்லலாம். ஆகவே எதையும் மறைக்க வேண்டியதில்லை.

2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு, கொரோனாவால் தள்ளிப்போனது. 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு, சாதி விவரத்தையும் சேர்த்து நடத்துவதாக 2025 ஜூனில் அரசு அறிவித்தது. தவறாகச் சொன்ன பதிலை எந்தக் கணிப்பொறியாலும் திருத்த முடியாது. எனவே நண்பர்களே, இன்றே உங்கள் தெருவில் பத்து வீடுகளில் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: வீட்டில் யார் யார் உழைக்கிறார்கள்? என்னென்ன மொழிகள் பேசுகிறார்கள்? முதலில் உங்கள் அம்மாவிடம் தொடங்குங்கள்.