குர்பானிக்கு முன் உண்ணியைக் கவனிப்போம்



பக்ரீத் நெருங்கினால் சமயபுரம் சந்தையிலிருந்து ஆடுகள் நம் வீடுகளுக்கு வந்துவிடும். பாலக்கரையானாலும் ஸ்ரீரங்கமானாலும், பிள்ளைகள் சில நாட்கள் தழை கொடுத்து விளையாடுவார்கள். இந்த நேரத்தில் ஒரு நோயைப் பற்றி அறிந்துகொள்வது நல்லது.

2011 ஜனவரியில் குஜராத்தில், அகமதாபாத் அருகே ஒரு கிராமத்துப் பெண் காய்ச்சலும் இரத்தக்கசிவுமாக இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவரும் செவிலியரும் அடுத்து இறந்தனர். அது கிரிமியன்-காங்கோ இரத்தக்கசிவுக் காய்ச்சல் என்று புனே தேசிய வைராலஜி நிறுவனம் கண்டறிந்தது. இந்தியாவில் இந்நோய் உறுதியானது அதுவே முதல் முறை.

இந்த வைரஸின் மரபுச் செய்தி மூன்று ஆர்.என்.ஏ. துண்டுகளில் உள்ளது. பெரிய துண்டில் சுமார் 12,000 எழுத்துகள். அதிலிருந்து உருவாகும் பாலிமரேஸ் என்ற புரதம்தான் வைரஸைப் படியெடுத்துப் பெருக்குகிறது. அதன் ஒரு பகுதி நம் உடலின் எதிர்ப்பையும் மட்டுப்படுத்துகிறது.

மதரஸாவில் நாம் பாடத்தைப் பார்த்து எழுதினால் உஸ்தாத் பிழை திருத்துவார். இந்தப் பாலிமரேஸுக்குத் திருத்துபவர் இல்லை. பிழைகள் அப்படியே அடுத்த படிக்குப் போகும். ஒரே பிழைகள் இரண்டு படிகளில் இருந்தால், இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று ஊகிக்கலாம். அவ்வாறு ஒப்பிட்டபோது, குஜராத் வைரஸ் தஜிகிஸ்தான், ஆப்கானிஸ்தான் வைரஸ்களுக்கு நெருங்கிய உறவு என்று தெரிந்தது.

நாடு விட்டு நாடு இதைச் சுமப்பவை உண்ணிகளும் கால்நடைகளுமே. வைரஸ் இரத்தத்தில் இருக்கும்போதும் ஆடு, மாடு ஆரோக்கியமாகவே தோன்றும்; பார்த்து அறிய முடியாது. மனிதருக்குத் தொற்றினால் நூற்றில் 40 பேர் வரை இறக்கக்கூடும். தடுப்பூசி இல்லை.

பீதி வேண்டாம், கவனம் போதும்:

• இயன்றால் இரண்டு வாரம் முன்பே ஆட்டை வாங்கி, கால்நடை மருத்துவரிடம் கேட்டு உண்ணி மருந்து போடுங்கள்.

• உண்ணியை வெறுங்கையால் நசுக்காதீர்கள்.

• அறுப்பவரும் துண்டு போடுபவரும் கையுறை அணியட்டும். கையில் காயமுள்ளவர் விலகியிருக்கட்டும். பிள்ளைகளை இரத்தத்தின் அருகே விடாதீர்கள்.

• நன்கு வேகவைத்த இறைச்சியால் ஆபத்தில்லை.

• அடுத்த இரண்டு வாரத்தில் கடும் காய்ச்சல், உடல்வலி, இரத்தக்கசிவு வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஆடு அறுத்ததை மருத்துவரிடம் கேட்காமலே சொல்லுங்கள். அது உங்களையும் காக்கும், அவரையும் காக்கும்.

தூய்மையை ஈமானோடு சேர்த்துக் கற்றவர்கள் நாம். இவ்வருடக் குர்பானியிலும் அதைப் பேணுவோம், இன்ஷா அல்லாஹ்.

– செயலாளர்