பச்சோந்தி வளர்க்க ஆசையா? ஜெயிலுக்கு போக நேரிடும்! ரோட்டில் பார்த்தால் செய்ய வேண்டியது என்ன?

கள்ளக்குறிச்சி:

கள்ளக்குறிச்சியில் இருந்து கச்சிராயப்பாளையம் வழியாக கல்வராயன் மலைக்கு பைக்கில் போகிறீர்கள். ரோட்டின் நடுவே பச்சையாக ஒன்று, காலை எடுத்து வைப்பதா வேண்டாமா என்று முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு நிற்கிறது. அதுதான் பச்சோந்தி.

வண்டியில் அடிபட்டு விடுமே என்று இரக்கப்பட்டு எடுத்து வருபவர்கள் உண்டு. "கலர் மாறுமாமே" என்று பிள்ளைகளுக்கு காட்ட பையில் போட்டு வருபவர்களும் உண்டு. இரண்டு பேருக்குமே வம்புதான்.

சட்டம் சொல்வது என்ன?

இந்தியாவில் இருப்பது ஒரே ஒரு வகை பச்சோந்திதான். 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி இதை பிடிப்பது, வளர்ப்பது, விற்பது எல்லாமே குற்றம். ஜெயில், அபராதம் இரண்டும் உண்டு.

வெளிநாட்டில் கூண்டு வைத்து வளர்ப்பதை செல்போன் வீடியோவில் பார்த்து ஏமாற வேண்டாம். அவை பெரும்பாலும் ஏமன், மடகாஸ்கர் நாட்டு வகைகள். அவற்றை இங்கே வைத்திருக்க வேண்டும் என்றாலும் 2024-ல் வந்த விதிகளின்படி அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும்.

வீட்டில் ஏன் பிழைக்காது?

சட்டத்தை விடுங்கள். பிடித்து வந்தால் பாவம், அது செத்துத்தான் போகும்.

கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் பச்சோந்தி பெரும்பாலும் சீண்டாது. இலையில் சொட்டும் பனியையும் மழைத்துளியையும்தான் நக்கி குடிக்கும். உயிரோடு அசையும் பூச்சியை, தன் உடம்பை விட நீளமான நாக்கை வீசி பிடித்து தின்னும். சோறு, பழம் போட்டு பயனில்லை. வெயில் படாவிட்டால் எலும்பு பலம் இழந்து வளைந்து விடும்.

கலர் மாறுவதும் விளையாட்டு அல்ல. இலை பக்கம் போனால் பச்சை, மண் பக்கம் போனால் பழுப்பு என்று நினைப்பது தவறு. சூடு, குளிர், பயம், கோபம் இவற்றுக்கு ஏற்பத்தான் முக்கியமாக நிறம் மாறுகிறது. தோலில் உள்ள நுண்ணிய படிகங்களின் இடைவெளி மாறுவதால் நிறம் மாறுவதை, மடகாஸ்கர் பச்சோந்தியிடம் ஜெனிவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் கண்டுபிடித்தனர். கையில் பிடித்ததும் கருத்துப் போனால் "வித்தை காட்டுது" என்று கைதட்டாதீர்கள். அது பயத்தில் இருக்கிறது.

ஓணான் வேறு, பச்சோந்தி வேறு

வேலியில் ஓடும் ஓணானையும் பச்சோந்தி என்று சொல்பவர்கள் அதிகம். ஓணான் சட்டென்று ஓடிவிடும். பச்சோந்தி மெதுவாகத்தான் நடக்கும். வாலை சுருட்டி கிளையை பிடித்துக் கொள்ளும். ஒரு கண் முன்னால் பார்க்க, இன்னொரு கண் பின்னால் பார்க்கும்.

"ரத்தம் உறிஞ்சும்", "தொட்டால் விஷம்" என்று இரண்டையுமே கல்லால் அடிக்கிறார்கள். இரண்டுக்குமே விஷம் கிடையாது. வாயை பிளந்து, உடம்பை உப்ப வைத்து சீறுவது எல்லாம் வெறும் மிரட்டல்தான். பயிரை தின்னும் வெட்டுக்கிளியை பிடித்து தின்பதால் விவசாயிக்கு லாபம்தான்.

ரோட்டில் பார்த்தால்...

* முதலில் வண்டியை ஓரமாக நிறுத்தி, பின்னால் வருபவர்களுக்கு கை காட்டுங்கள்.

* வாலை பிடித்து தூக்காதீர்கள். பல்லிக்கு வால் அறுந்தால் முளைக்கும். பச்சோந்திக்கு முளைக்காது.

* நீளமான குச்சியை முகத்துக்கு முன்னால் நீட்டுங்கள். இடுக்கி போன்ற விரல்களால் அதுவே பிடித்து ஏறிக்கொள்ளும்.

* அது எந்த பக்கம் போய்க்கொண்டிருந்ததோ, அதே பக்கத்து மரத்திலோ புதரிலோ விடுங்கள். பெண் பச்சோந்தி முட்டையிட மண்ணுக்கு இறங்கி வரும். வேறு ஊருக்கு கொண்டு போய் விட்டால் தவித்துப் போகும்.

* அடிபட்டு கிடந்தால், ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் ஒரு குச்சியோடு வைத்து, பக்கத்தில் உள்ள வனச்சரக அலுவலகத்துக்கு உடனே தகவல் சொல்லுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

* ஏற்கனவே வீட்டில் வைத்திருந்தால் ஒளித்து வைக்காமல் வனத்துறையிடம் ஒப்படைத்து விடுவதே நல்லது.

குச்சியை நீட்டி மரத்தில் விட ஐந்து நிமிடம் கூட ஆகாது. பிள்ளைகளுக்கு பச்சோந்தியை காட்ட ஆசை இருந்தால், அந்த ஐந்து நிமிடம் அவர்களையும் பக்கத்தில் நிற்க வைத்து காட்டலாமே!