ஊர்க் கடை ஊராருக்கே உரியதாக

ஊரில் இருக்கும் ஒரே மளிகைக் கடை மூடப்படுமாயின், அதன் சுமை முதலில் விழுவது பேருந்தேறிக் கடைத்தெருவுக்குச் சென்றுவர இயலாத முதியோர் மீதும், அரைநாட் கூலியை இழக்க முடியாத உழைப்பாளிகள் மீதுமேயாம். அத்தகைய கடையை ஊராரே பங்கு சேர்த்து ஏற்று நடத்த இயலுமா? இயலும் என்பதற்கு வரலாறு சான்று பகர்கின்றது. எவ்விதியைக் கைவிட்டால் கடை நிலைக்காது என்பதையும் அதுவே உரைக்கின்றது.

இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 1833-ஆம் ஆண்டில் தொழிலாளர் சிலர் கூட்டுறவுக் கடை ஒன்றைத் தொடங்கினர். அங்கத்தினருக்குக் கடனுக்குச் சரக்கு வழங்கிய அக்கடை இரண்டே ஆண்டுகளில் மூடப்பட்டது. பின்னர் 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாளன்று, நெசவாளரும் பிற தொழிலாளருமாக 28 பேர், 28 பவுன் முதலுடன், அதே தெருவில் மீண்டும் ஒரு கடை திறந்தனர். கலப்படமற்ற பொருள், சரியான எடை, ரொக்க விற்பனை, ஆளுக்கு ஒரு வாக்கு, வாங்கிய அளவுக்கேற்ப இலாபப் பங்கீடு ஆகியவற்றை அவர்கள் விதிகளாகக் கொண்டனர். உலகக் கூட்டுறவு இயக்கத்துக்கு அவையே அடித்தளமாயின. இன்றும் பிரிட்டனில் நூற்றுக்கணக்கான கிராமக் கடைகளை ஊராரே பங்கு சேர்த்து நடத்தி வருகின்றனர்.

நம் நாட்டில் 1904-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களை மட்டுமே கருதிற்று. பிறவகைச் சங்கங்களுக்கு 1912-ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது. எனினும் அதற்காகக் காத்திராமல், 1904-ஆம் ஆண்டிலேயே சென்னைத் திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை தோன்றிவிட்டது. அதனை நிறுவியோருள் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியாரும் ஒருவர்; அக்காலத்தில் அவர் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தார். 'டி.யு.சி.எஸ்.' என்ற பெயரில் அது சென்னை நகரெங்கும் கிளைகள் கண்டது.

இனி, கடன் ஏன் கடையை விழுங்குகிறது என்பதைக் காண்போம். நூறு குடும்பங்கள் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் பங்கு செலுத்தினால், சங்கத்தின் முதல் ஒரு லட்சம் ரூபாய். அதே நூறு குடும்பங்களும் ஆளுக்கு ஆயிரம் ரூபாய்க்குக் கடனாகச் சரக்கு எடுத்துச் சென்றால், ஒரு லட்சமும் பேரேட்டில் இருக்கும். கடை அலமாரியில் ஒன்றும் இராது. அடுத்த கொள்முதலுக்குச் சங்கம் வெளியே கடன் வாங்க வேண்டும். அதன் வட்டி விலையில் ஏறும். விலை ஏறினால், ரொக்கம் கொடுத்து வாங்குபவர் வேறு கடையை நாடுவர்.

ஆயின், கூலி வரும்வரை நெசவாளரும், அறுவடை வரும்வரை விவசாயியும் என் செய்வர்? தனியார் கடைக்காரரை அவர்கள் நாடுவதே இந்தத் தவணைக்காகத்தானே? இக்கேள்வி நியாயமானது. கடன் தேவையைக் கடன் சங்கத்திடமே வைத்துக்கொள்வதும், பண்டகசாலையை விற்பனைக்கு மட்டுமே உரியதாக்குவதும் இதற்குரிய வழிகளாம். மேலும், கூலி பெறும் நாளில் நெசவாளர் சிறு தொகையையும், விளைபொருள் விற்ற நாளில் விவசாயி ஒரு பகுதியையும் பண்டகசாலையில் முன்பணமாகச் செலுத்தி, அதற்கீடாகச் சரக்குப் பெற்று வரலாம். இதனால் சங்கத்துக்குக் கொள்முதல் முதல் கிடைக்கும். அங்கத்தினர் குடும்பத்துக்குப் பஞ்ச மாதத்திலும் அரிசி கிடைக்கும்.

இவ்விதிக்கு விலக்கு எவருக்கும் கூடாது. நிர்வாகக் குழுவினருக்கோ அறவே கூடாது. கையிருப்பை மாதந்தோறும் எண்ணிப் பேரேட்டுடன் ஒப்பிட வேண்டும். வரவுசெலவைச் சங்க அறிவிப்புப் பலகையில் யாவரும் காண எழுதிவைத்தல் நலம். இலாபம் கண்டால் சேமநிதிக்கு ஒதுக்கிய பின்னரே பங்கிட வேண்டும்.

அங்கத்தினர்களே! பங்குத் தொகை செலுத்தியதனால் மட்டும் கடை நம்முடையதாகிவிடாது. வேறு கடையில் கடன் கிடைக்கும் நாளிலும் நம் கடையில் ரொக்கம் கொடுத்து வாங்கும் உறுதி நமக்கு உண்டா என்பதைப் பதிவுக்கு விண்ணப்பிக்கும் முன்னரே ஊர்க் கூட்டத்தில் கேட்டுக்கொள்வோமாக.