அக்காடெமி என்னுஞ் சொல்லும் பொருளும்

கல்வித்துறையிற் பெரிதும் பயிலும் பிறமொழிச் சொற்களுள் 'அக்காடெமி' என்பது ஒன்று. அறிஞர் அவைகளும், பாடசாலைகளும், ஆடலும் இசையும் பயிற்றும் நிலையங்களும் இந்நாளில் இப்பெயர் புனைந்து விளங்குகின்றன. பல்கலைக்கழகத்தாரது வாழ்க்கை முழுவதையும் 'அக்காடெமியா' என ஒரு சொல்லால் அடக்கிக் கூறுதலும் வழக்காயிற்று. இச்சொல் யாண்டுப் பிறந்தது, எப்பொருளைக் குறித்தது, அப்பொருள் எங்ஙனம் விரிந்தது என்பன ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் இச்சொல் கல்வியைக் குறித்ததன்று. ஓர் இடத்தின் பெயராகவே நின்றது. கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரின் டிப்பிலன் வாயிலுக்குப் புறத்தே, வடமேற்குத் திசையில், ஒரு மைலுக்குங் குறைந்த தொலைவில் ஒரு சோலை இருந்தது. அக்காடெமஸ் என்னும் பண்டை வீரன் பெயரால் அது வழங்கப்பட்டது. அதீனா என்னுந் தெய்வத்திற்குரிய ஒலிவ மரங்கள் ஆண்டு நின்றன. கவர்ந்து செல்லப்பட்ட ஹெலன் மறைந்திருந்த இடத்தை அவ்வீரன் உணர்த்தினான் என்றும், அந்நன்றி கருதியே ஸ்பார்ட்டா நாட்டார் படையெடுத்த காலத்தும் அச்சோலைக்கு ஊறு செய்திலர் என்றும் பழங்கதை கூறும். கி. மு. ஐந்தாம் நூற்றாண்டில் கிமோன் என்னுந் தலைவன் அவ்விடத்து நீர்வளம் பெருக்கி நிழல் வழிகளை அமைத்தான். இளைஞர் உடற்பயிற்சி செய்யும் பொதுக்களமும் அங்கே இருந்தது.

சாக்ரட்டீஸ் கி. மு. 399-இல் ஏதென்ஸ் நகரத்தாரால் நஞ்சுண்டு இறக்குமாறு விதிக்கப்பட்டார். அவர்பாற் பயின்ற பிளேட்டோ இத்தாலி, சிசிலி முதலிய இடங்களுக்குச் சென்று மீண்டு, கி. மு. 387-ஐ ஒட்டி இச்சோலையின் அருகே ஒரு தோட்டம் பெற்று, கலைத்தெய்வங்களாகிய மியூஸ்களுக்கு ஒரு கோயிலும் எடுத்து, மாணாக்கரோடு உறைவாராயினார். ஊர்தோறுஞ் சென்று பொருள் பெற்றுச் சொல்வன்மை கற்பித்த சோபிஸ்டுகளைப் போல அவர் கட்டணம் பெற்றாரல்லர். கணிதமும் வானநூலும் மெய்ப்பொருள் ஆராய்ச்சியும் ஆண்டு நடந்தன. வினாவும் விடையுமாக வாதித்து உண்மை காண்டலே பயிலும் முறை. லாஸ்தெனியா, ஆக்ஸியோதியா என்னும் பெண்டிர் இருவரும் ஆண்டுப் பயின்றனர் என்ப. அரிஸ்டாட்டில் 17 வயதினராய் வந்து சேர்ந்து, ஆசிரியர் மறையுங்காறும் 20 ஆண்டு அங்கே தங்கினார். பட்டம் பெற்றுப் போதற்கு அமைந்த இடமாயின் அத்துணை யாண்டு தங்குதல் வேண்டாவன்றே? வாழ்நாளையே ஆராய்ச்சியிற் செலுத்துவார் கூடி உறையும் இடமாகவே அஃது இருந்தது. பள்ளியைக் குறிக்கும் ஐரோப்பியச் சொற்கள் பல 'ஸ்கோலே' என்னுங் கிரேக்கச் சொல்லின் வழிவந்தன. அச்சொல்லின் முதற்பொருள் ஓய்வு என்பதும் ஈண்டு நோக்கற்பாலது.

பிளேட்டோ கி. மு. 347-இல் மறைந்தபின் அவர் உடன்பிறந்தாள் மகனாகிய ஸ்பியூசிப்பஸ் தலைமை எய்தினார். பிளேட்டோவின் உயிர்க்கொள்கையாகிய மூலவடிவக் கொள்கையை அவரே கைவிட்டார். கி. மு. மூன்றாம் நூற்றாண்டில் தலைவரான ஆர்க்கெசிலாஸ், எதனையும் ஐயமற அறிதல் இயலாது என வாதிக்கத் தலைப்பட்டார். ஆசிரியர் கொள்கையை விடுத்தார் அவர் மரபினர் ஆதல் யாங்ஙனம் எனின், சாக்ரட்டீஸ் தாம் ஒன்றும் அறியாதவர் எனக் கூறி வினவுதலையே மேற்கொண்டாராதலின், தாம் மரபின் வேரையே பற்றினதாக அன்னார் கருதினர் என்க. ஆயின் இந்நெறியில் ஓர் இடரும் உண்டு. கி. மு. 155-இல் ரோமுக்குத் தூது சென்ற கார்னீயடீஸ் என்னுந் தலைவர் ஒருநாள் நீதியை நிலைநாட்டியும் மறுநாள் அதனையே மறுத்தும் பேசினார். இளைஞர் வியந்தனர், முதியோனாகிய கேட்டோ இத்தூதரை விரைவில் அனுப்புதல் நன்று என்றான். ஐயம் துணிபுக்கு வாயிலாகாது தானே பயனாய் நிற்பின், கேட்போர் சொல்வன்மையை மட்டுமே கொண்டு போவர் என்பது அம்முதியோன் அச்சம். பின்வந்த ஆன்டியோக்கஸ் இதனை மறுத்து, பழைய அக்காடெமியின் துணிபுகளுக்கே மீளவேண்டும் என்றார். துணிபை விடாது ஆராய்தலும், ஆராய்ச்சியை விடாது துணிதலும் எத்துணை அரிய என்பதற்கு இவ்வரலாறே சான்று.

கி. மு. 86-இல் ஏதென்ஸை முற்றிய ரோமத் தளபதி சுல்லா, மதிலிடிக்கும் பொறிகள் செய்தற்பொருட்டு அச்சோலை மரங்களை வெட்டுவித்தான். பழைய கழகம் அதனோடு சிதைந்தது. பல நூற்றாண்டு கழித்து ஏதென்ஸில் பிளேட்டோ நெறி கற்பிக்கும் பள்ளி ஒன்று தோன்றித் தன்னை அம்மரபினதாகவே கூறிக்கொண்டது. இடையறாத தொடர்ச்சி அதற்கு இல்லை. கி. பி. 529-இல் ஜஸ்டினியன் பேரரசன் ஏதென்ஸில் மெய்ப்பொருள் நூல் கற்பித்தலைத் தடுத்தான். அப்போது தலைமை வகித்த டமாஸ்கியஸும் மற்று அறுவரும் பாரசீக மன்னன் குஸ்ரோவை அடைந்தனர். ஆண்டும் மனம் பொருந்தாராயினர். 532-இல் இரு பேரரசர்க்கும் நிகழ்ந்த உடன்படிக்கையில், இவர்கள் தம் நாடு மீண்டு தம் கொள்கையொடு அச்சமின்றி வாழலாம் என ஒரு விதி சேர்க்கப்பட்டது. அவ்வெழுவருள் ஒருவரான சிம்ப்ளிக்கியஸ் பின்னர் அரிஸ்டாட்டில் நூல்களுக்கு விரிந்த உரைகள் வரைந்தார். பார்மெனிடீஸ் என்னும் பழம்புலவர் நூல் கிடைத்தற்கரியதாய்விட்டது கண்டு, அதன் பகுதிகளை நெடிதாக எடுத்து உரையில் வைத்தார். மூலநூல் அழிந்தது, உரையிற் பொதிந்த பகுதி இன்றும் உளது. கூடம் இழந்த ஆசிரியர் ஒருவர் செய்த காவல் இஃது.

இனி, பல்கலைக்கழகம் இதனின் வேறாய மரபினது. அதனைக் குறிக்கும் 'யூனிவர்சிட்டாஸ்' என்னும் இலத்தீன் சொல் குழுவினையே குறிக்கும். பொலோன்யாவில் மாணாக்கரும், பாரிஸில் ஆசிரியரும் தம் உரிமை காத்தற்கு ஒருங்கு கூடிய குழுக்களே அவை. 1229-இல் பாரிஸில் காவலரால் மாணாக்கர் சிலர் கொல்லப்பட்டபோது ஆசிரியர் பாடம் நிறுத்தி நகர் நீங்கினர். 1231-இல் போப்பாண்டவர் ஆணையால் உரிமை பெற்றே மீண்டனர். அக்காடெமி என்னும் பெயரோ பிளாரன்ஸ் நகரில் மீண்டும் ஒளிபெற்றது. ஆண்டுப் பிளேட்டோ நூல்கள் அனைத்தையும் இலத்தீனில் ஆக்கிய ஃபிச்சினோவின் மொழிபெயர்ப்பு 1484-இல் அச்சேறிற்று. அதன்பின் 1603-இல் ரோமில் லின்சேய், 1635-இல் பாரிஸில் பிரெஞ்சு அக்காடெமி எனப் பல எழுந்தன. இவை பல்கலைக்கழகத்திற்குப் புறம்பே நின்றவை. இருவகையாரையும் ஒரு பெயரால் அடக்கியது பிற்கால வழக்கு.

இக்காலத்து இச்சொல்லுக்கு இகழ்ச்சிப் பொருளும் உண்டு. வாழ்விற் பயன்படாத வெறும் வாதத்தை அக்காடெமிக்குரியது என்பர்; ஏட்டுச் சுரைக்காய் என்னும் நம் பழமொழியின் கருத்தும் அதுவே. அவ்விகழ்ச்சி முற்றும் பொய்யன்று. கற்பார் தம்முள் வெல்லுதலையே பயனாகக் கொள்ளுமிடத்து அது பொருந்தும். உண்மை காண்டலையும் கண்டதனைப் பின்னோர்க்குக் காத்தளித்தலையும் பயனாகக் கொள்ளுமிடத்து அது பொருந்தாது. சோலை வெட்டுண்டது, பள்ளி தடுக்கப்பட்டது, பெயர் பலர்க்கு உரியதாயிற்று. இவை மூன்றையும் கடந்து நின்றது ஆசிரியன் மாணாக்கனுக்கு வழங்கிய நூலும் அதனை ஆராயும் முறையுமே என்க.